புகைபோக்கி வரம்புக்குள் இருக்கிறது, மதிலோரக் காற்று ஏன் இல்லை?

கேள்வி: நான் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் பொறுப்பாளராக இருக்கிறேன். விரிவாக்கத்துக்காக ஒரு புதிய கொதிகலனும் (30 மீட்டர் புகைபோக்கி) இரண்டு டீசல் ஜெனரேட்டர்களும் வைக்க அனுமதி கேட்டிருக்கிறோம். ஜெனரேட்டர்கள் மின்தடைக்கு மட்டும்தான், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இதே ரகக் கொதிகலன் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதன் புகைபோக்கியில் அளந்தபோதெல்லாம் உமிழ்வு வரம்புக்குள்தான் இருந்திருக்கிறது. ஆனால் ஆலோசகர் ஏர்மாட் மாடல் (புகை காற்றில் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் கணினி நிரல்) ஓட்டிக் கொடுத்த அறிக்கையில், மேற்கு மதிலருகே நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு மணி நேர அளவு கனமீட்டருக்கு 240 மைக்ரோகிராம் என்று வந்திருக்கிறது. வரம்பு 200. அதிகாரிகள் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிர்வாகம் இரண்டு வழி சொல்கிறது. கொதிகலன் புகைபோக்கியை 55 மீட்டருக்கு உயர்த்துவது ஒன்று. வேறு மாடலில் எண்ணைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் இன்னொரு ஆலோசகரிடம் போவது மற்றொன்று. கருவியால் அளந்ததே சரியாக இருக்கும்போது கணினிக் கணக்கை ஏன் நம்ப வேண்டும்? எதை மாற்றினால் எண் இறங்கும்? மதிலிலிருந்து 350 மீட்டரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதனால் எனக்கும் உள்ளூரக் கவலைதான். அறிக்கையையும் மாடல் கோப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: மாடல் கோப்புகளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அறிக்கையை மட்டும் அனுப்பியிருந்தால் பொதுப்படையாகத்தான் பேசியிருக்க முடியும். நிர்வாகத்திடம் நீங்கள் உடனே சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொதிகலன் புகைபோக்கியை உயர்த்தும் யோசனையை நிறுத்தி வையுங்கள். அதற்குச் செலவழிக்கும் பணம் வீணாகும்.

காரணம் உங்கள் வெளியீட்டுக் கோப்பிலேயே இருக்கிறது. 240 வந்த அந்த ஒரு மணி நேரத்தில் எந்த மூலத்திலிருந்து எவ்வளவு வந்தது என்ற பட்டியல் அதில் தனியாக உண்டு. அறிக்கையில் அதை யாரும் எடுத்து எழுதவில்லை. இரண்டு ஜெனரேட்டர்களும் சேர்ந்து 160. பழைய கொதிகலனும் புதியதும் சேர்ந்து 35. மீதி 45 பின்னணி அளவு, அதாவது நீங்கள் எதையுமே ஓட்டாவிட்டாலும் காற்றில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. இரண்டு கொதிகலன்களையும் கழற்றி அப்புறப்படுத்தினாலும் 205 நிற்கும், வரம்பைத் தாண்டித்தான் இருக்கும். அப்படியிருக்க 25 மீட்டர் புகைபோக்கியைக் கூட்டி என்ன பயன்?

மாடல் அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது உச்ச எண்ணைத்தான். நான் முதலில் பார்ப்பது அந்த எண் எங்கே, எந்த நேரத்தில், எந்த மூலத்தால் வந்தது என்பதை. இந்த மூன்றும் தெரியாமல் எதை மாற்றுவது என்று முடிவெடுக்கவே முடியாது. தெரிந்துவிட்டால் பாதி வழி தானாகத் திறந்துகொள்ளும்.

சரி, அளவீடு இருக்கும்போது மாடல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வெவ்வேறு விதிகளுக்குப் பதில் சொல்பவை. புகைபோக்கியில் அளப்பது எவ்வளவு வெளியே போகிறது என்பதை. அதற்கு உமிழ்வு வரம்பு. மாடல் கணக்கிடுவது மதிலுக்கு வெளியே ஒருவர் மூச்சு விடும் இடத்தில் எவ்வளவு வந்து சேரும் என்பதை. அதற்குச் சுற்றுப்புறக் காற்றுத் தர வரம்பு. முதலாவதைத் தாண்டாமலே இரண்டாவதைத் தாண்டலாம். உங்கள் விஷயத்தில் நடந்திருப்பது அதுதான். மேலும், அளவீடு நடந்தது பழைய கொதிகலனில். பிரச்சினையோ இன்னும் வைக்காத ஜெனரேட்டரில். வைக்காத ஒன்றை எந்தக் கருவியால் அளப்பது?

இன்னொரு ஆலோசகர் சொல்லும் 'வேறு மாடல்' பற்றி. ஏர்மாட் 2005-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முதன்மை மாடலாக ஆனது. அதுவரை இருந்த ஐ.எஸ்.சி. மாடலின் இடத்துக்கு அது வந்தது. இப்போது பல நாடுகளில் அனுமதி விண்ணப்பங்களுக்கு அதையே ஏற்கிறார்கள். மூலத்திலிருந்து 50 கிலோமீட்டர் வரை அதைப் பயன்படுத்தலாம். உங்கள் ஜெனரேட்டர் மதிலிலிருந்து 60 மீட்டரில் வரப்போகிறது. பக்கத்திலேயே உயரமான கட்டடம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்கென்றே உருவானது அது. முதல் மாடலில் தேறாமல், காரணம் சொல்லாமல், இன்னொரு மாடலோடு திரும்பி வந்தால் அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வியே 'ஏன் மாற்றினீர்கள்' என்பதாக இருக்கும். உங்களிடம் பதில் இருக்காது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று, நாம் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறுவதில்லை.

அதற்காக இப்போதைய ரன், அதாவது மாடலை ஓட்டிய இந்தக் கணக்கு, சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குப் பாதகமான பிழையும் இருக்கிறது, சாதகமான பிழையும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன். இரண்டையும் திருத்த வேண்டும். பாதகமானதை மட்டும் திருத்திவிட்டு மற்றதைக் கண்டும் காணாமல் விட்டால் அது திருத்தம் ஆகாது.

முதலில் உச்சம் வந்த நேரத்தைப் பாருங்கள். முதல் பத்து மணி நேரங்களில் எட்டு, இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே வருகின்றன. காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டரை ஒட்டி. திசை எல்லாவற்றிலும் கிழக்கிலிருந்து. இதற்கு அர்த்தம் உண்டு. இரவில் தரை குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அடங்கிப் படுத்திருக்கும். மேலே இருக்கும் காற்றோடு கலக்காது. தரைக்குப் பக்கத்தில் விடும் புகை தரைக்குப் பக்கத்திலேயே இழுபடும். உயரமான புகைபோக்கிக்கு நிலைமை பெரும்பாலும் தலைகீழ். வெயில் ஏறிய பகலில் சுழலும் காற்றுதான் அதன் புகையைத் தரைக்கு இழுத்து வரும். ஆகவே உச்சங்கள் எல்லாம் இரவில் குவிந்திருந்தால், குற்றவாளி தாழ்வான மூலம் என்று பட்டியலைப் பார்க்காமலே யூகித்துவிடலாம்.

அடுத்தது அந்தக் கட்டடம். ஜெனரேட்டர் அறைக்குக் கிழக்கே 22 மீட்டர் உயர உற்பத்திக் கூடம். அகலம் 40 மீட்டர். கிழக்கிலிருந்து வரும் காற்று அதன் மேலேறி மறுபக்கம் இறங்கும்போது ஒரு சுழல் உண்டாகும். ஜெனரேட்டரின் 6 மீட்டர் குழாய் சரியாக அந்தச் சுழலுக்குள்தான் புகையை விடுகிறது. மேலே போக வழியில்லாமல் புகை கீழே புரண்டு மதிலுக்கு வருகிறது. இதைக் கணக்கிட ஏர்மாடுக்குள் பிரைம் என்ற பகுதி இருக்கிறது. கட்டடத்தின் பாதிப்பு எவ்வளவு தூரம் என்பதற்கு வழக்கமான கணக்கு: கட்டட உயரம், காற்றுக்கு எதிரே தெரியும் அகலம், இரண்டில் எது சிறியதோ அதன் 5 மடங்கு. உங்களுக்கு 22-ஐ ஐந்தால் பெருக்கினால் 110 மீட்டர். ஜெனரேட்டரும் மதிலும் இரண்டுமே அதற்குள் அடங்கிவிடுகின்றன.

நிர்வாகம் சொன்ன 55 மீட்டரும் இதே குடும்பத்துச் சூத்திரத்திலிருந்துதான் வந்திருக்கும். கட்டட உயரத்தோடு, மேலே சொன்ன சிறிய அளவின் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். 22-உம் 33-உம் சேர்ந்து 55. அந்த உயரத்தில் கட்டடத்தின் சுழல் புகையைப் பெரிதாகத் தொடாது. அமெரிக்க விதியில் 65 மீட்டர் அல்லது இந்தச் சூத்திரம் தரும் உயரம், எது அதிகமோ அதற்கு மேல் கட்டினாலும் மாடலில் கணக்கில் எடுக்க விடமாட்டார்கள். உயரத்தைக் கூட்டிக்கொண்டே போய் உமிழ்வைக் குறைக்காமல் தப்பிப்பதைத் தடுக்க 1977-ல் சட்டத்தில் சேர்த்தது இது. கனடாவில் சட்பரி நகரின் நிக்கல் உருக்காலையில் 1970-களின் தொடக்கத்தில் 381 மீட்டர் புகைபோக்கி கட்டினார்கள். ஊருக்குள் கந்தக டை ஆக்சைடு குறைந்தது. ஆனால் அந்தக் கந்தகம் எங்கும் மறைந்துவிடவில்லை, தொலைதூரம் போய் இறங்கியது. பின்னால் உமிழ்வையே குறைக்க வேண்டி வந்தது. உங்கள் பாய்லருக்கு இவ்வளவு பெரிய கதை தேவையில்லைதான். ஆனாலும் நிர்வாகக் கூட்டத்தில் யாராவது 'உயரமாகக் கட்டிவிட்டால் முடிந்தது' என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி பிழைகள். புதிய கொதிகலனின் இன்புட் வரியைப் பாருங்கள். புகைபோக்கி விட்டம் 0.8 மீட்டர், வெப்பநிலை 423 கெல்வின், வெளியேறும் வேகம் வினாடிக்கு 9.95 மீட்டர். உற்பத்தியாளர் தாளில் வாயு அளவு வினாடிக்கு 5 நார்மல் கனமீட்டர். 0.8 மீட்டர் விட்டத்தின் பரப்பு 0.503 சதுர மீட்டர். 5-ஐ 0.503-ஆல் வகுத்தால் 9.95 வரும். அதை அப்படியே வேகமாகப் போட்டுவிட்டார்கள். நார்மல் கனமீட்டர் என்பது 0 டிகிரி, அதாவது 273 கெல்வினுக்கு மாற்றிய அளவு. புகைபோக்கிக்குள் வாயு 423 கெல்வினில் விரிந்திருக்கிறது. 5-ஐ 423-ஆல் பெருக்கி 273-ஆல் வகுத்தால் 7.75 கனமீட்டர். உண்மையான வேகம் வினாடிக்கு 15.4 மீட்டர். ஈரப்பதத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். (சில நாடுகளில் 'நார்மல்' என்பதற்கு 25 டிகிரியை எடுப்பார்கள். தாளின் அடிக்குறிப்பில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) வாயு எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறதோ அவ்வளவு மேலே எழும்பும். வெளியேறும் வேகம் காற்றின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால், புகைபோக்கி விளிம்பிலேயே புகை கீழே இழுபடும். 9.95-ஐப் போட்டதால் காற்று 6.6 மீட்டர் வேகத்தைத் தொட்டதுமே மாடல் அந்த இழுப்பைச் சேர்த்துவிடுகிறது. இது உங்களுக்குப் பாதகமான பிழை.

உமிழ்வு வீதத்தில் தவறில்லை. நார்மல் கனமீட்டருக்கு 350 மில்லிகிராம் என்பதை 5 நார்மல் கனமீட்டரால் பெருக்கி வினாடிக்கு 1.75 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அங்கே நார்மல் கனமீட்டர்தான் வர வேண்டும், வந்திருக்கிறது. உமிழ்வுக்கு நார்மல், வேகத்துக்கு உண்மை அளவு. இந்த இடம் அடிக்கடி இடறும் இடம்.

இப்போது சாதகமான பிழை. அறிக்கையின் பின்னிணைப்பில் வரப்போகும் ஜெனரேட்டரின் வடிவமைப்புப் படம் இருக்கிறது. குழாயின் வாயில் மழை மூடி, தொப்பி போலக் கவிழ்ந்திருக்கிறது. இன்புட் கோப்பிலோ அது திறந்த செங்குத்துக் குழாய், வினாடிக்கு 28 மீட்டர் வேகம் என்று இருக்கிறது. மூடி இருந்தால் அந்த வேகம் மேல்நோக்கி எதையும் தூக்காது. புகை மூடியில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். சூடு மட்டும்தான் அதை எழுப்பும். மூடியுள்ள குழாய், படுக்கையான குழாய் இரண்டுக்கும் ஏர்மாடில் தனித்தனி மூல வகைகள் இருக்கின்றன. அதைப் போட்டு ஓட்டினால் உங்கள் 160 ஏறவே செய்யும். அதிகாரிகளில் யாராவது படத்தையும் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதோடு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். நீங்களே திருத்திக் கொடுங்கள்.

திருத்துவதென்றால் கோப்பை மட்டும் அல்ல, குழாயையும். மழை மூடியை எடுத்துவிட்டு, இஞ்சின் ஓடும்போது தானாகத் திறந்துகொள்ளும் தட்டு மூடி வையுங்கள். அல்லது குழாயைச் சுற்றி அதைவிடப் பெரிய உறைக்குழாய் வைத்து, மழை நீர் இடைவெளி வழியே வடிகிற மாதிரி செய்யலாம். அதைவிட முக்கியமாக, குழாயை உற்பத்திக் கூடத்தின் சுவரோடு ஏற்றிக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள். 6 மீட்டரிலிருந்து 28 மீட்டருக்குப் போனால் புகை அந்தச் சுழலின் அடியில் விழாது. கட்டடப் பாதிப்பு முழுவதும் தீராது, ஆனால் மதிலோர எண் பெரிதாக இறங்கும். குழாய் நீண்டால் இஞ்சினுக்கு எதிரழுத்தம், அதாவது புகையை வெளியே தள்ளும்போது எதிர்த்து நிற்கும் அழுத்தம், கூடும். ஆகவே உற்பத்தியாளரிடம் அனுமதிக்கும் எதிரழுத்தம் எவ்வளவு என்று கேட்டு, தேவைப்பட்டால் விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டினால் வெளியேறும் வேகம் குறையும், அதையும் மாடலில் மாற்ற வேண்டும். புகைபோக்கி உயர்த்தும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை.

அப்புறம் ஓடும் நேரம். ஜெனரேட்டர்கள் இரண்டும் வருடத்தின் 8,760 மணி நேரமும் முழுச் சுமையில் ஒன்றாக ஓடுவதாக இன்புட் சொல்கிறது. நீங்கள் எழுதியது ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று. ஒன்றை எடுத்துவிட்டால் 160 ஏறத்தாழப் பாதியாகும். இந்த மாடலில் ஒரு மூலத்தின் உமிழ்வைப் பாதியாக்கினால் அதன் நைட்ரஜன் ஆக்சைடு பங்கும் பாதியாகும், அதற்கு மறுபடி ஓட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. 35, 80, 45 சேர்ந்து 160. வரம்புக்குள் வந்துவிட்டது என்று இங்கேயே நிறுத்திவிட ஆசை வரும். நிறுத்தாதீர்கள், மூடிப் பிழை இன்னும் பாக்கி இருக்கிறது.

அதைவிட ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அதைச் சுற்றித்தான். மாடலில் நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணும் நீங்கள் கொடுக்கும் வாக்கு. 'ஒன்றுதான் ஓடும்' என்று போட்டால், அது அனுமதியில் நிபந்தனையாக வந்து உட்காரும். அப்போது இரண்டும் ஒன்றாகக் கிளம்பாதபடி மின்சாரப் பூட்டு இருக்க வேண்டும், ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டர் இருக்க வேண்டும், பதிவேடு இருக்க வேண்டும். ஷிப்டில் இருப்பவர் அவசரத்தில் இரண்டையும் போட்டுவிட்டால் நீங்கள் விதியை மீறியவர் ஆவீர்கள். ஆகவே எண்ணைக் குறைப்பதற்கு முன் ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களால் நடைமுறையில் காப்பாற்ற முடியாத ஒன்றை மாடலில் எழுதாதீர்கள். வாராந்திர சோதனை ஓட்டம் பகல் 11 மணிக்கு என்று சொல்வதில் சிக்கல் இல்லை, அதை எழுதலாம். மின்தடை பகலில்தான் வரும் என்று எழுத முடியாது.

எப்போதாவது ஓடும் அவசர ஜெனரேட்டரை ஒரு மணி நேர வரம்போடு எப்படி ஒப்பிடுவது என்பதில் நாட்டுக்கு நாடு அணுகுமுறை மாறும். அமெரிக்காவில் 2011-ல் வந்த வழிகாட்டுதல், இப்படிப்பட்ட உமிழ்வைக் கணக்கிலிருந்து விலக்குவதா வேண்டாமா என்பதை அனுமதி தருபவரின் முடிவுக்கு விட்டது. உங்கள் அதிகாரிகளிடம் கேளுங்கள். நீங்களாக விலக்கிவிடாதீர்கள்.

வரம்பின் வாசகத்தையும் ஒரு முறை வரி வரியாகப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணையில் இதே 200 மைக்ரோகிராம்தான் ஒரு மணி நேர வரம்பு, ஆனால் வருடத்துக்கு 18 முறை தாண்டலாம். அதாவது பத்தொன்பதாவது உயர்ந்த மணி நேரத்தைத்தான் 200-உடன் ஒப்பிடுவார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு நாளின் உச்ச மணியை எடுத்து, அவற்றில் 98-ஆவது சதமானத்தை (98 சதவீத நாட்கள் தாண்டாத அளவை) மூன்று வருடங்களுக்குச் சராசரி செய்வார்கள். உங்கள் ஆலோசகர் எடுத்ததோ முதல் உயர்ந்த மணி. உங்கள் விதி அப்படித்தான் கேட்கிறது என்றால் சரி. இல்லையென்றால் தேவையில்லாமல் உங்களைக் கடினமான தேர்வுக்கு அனுப்பியிருக்கிறார்.

நைட்ரஜன் டை ஆக்சைடுக்கே உரிய இன்னொரு விஷயம். எரிப்பிலிருந்து வருவதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு. அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்துதான் டை ஆக்சைடாக மாறுகிறது. அறிக்கை எல்லாமே உடனடியாக மாறிவிட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் கட்டத்துக்கு அது பாதுகாப்பான அனுமானம். ஆனால் 60 மீட்டரைக் கடக்க அந்தப் புகைக்குச் சில பத்து வினாடிகள்தான் ஆகும், அதற்குள் முழுவதும் மாறாது. இரண்டாம் கட்ட முறையில் இந்த விகிதத்தைச் செறிவைப் பொறுத்து 0.5-க்கும் 0.9-க்கும் இடையே எடுப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் மணிக்கு மணி ஓசோன் தரவும், குழாயிலேயே எத்தனை பங்கு டை ஆக்சைடாக வெளியேறுகிறது என்ற தகவலும் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் ஜெனரேட்டரில் ஆக்சிஜனேற்ற வினையூக்கி (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) இருந்தால் குழாயிலேயே டை ஆக்சைடு பங்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். உற்பத்தியாளரிடம் கேட்காமல் குறைந்த விகிதத்தைப் போட்டுவிடாதீர்கள்.

பின்னணி அளவு 45 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். உங்கள் வளாகத்துக்குப் பக்கத்தில் பழைய கொதிகலன் ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் அளந்தது. அதே பழைய கொதிகலனை மாடலிலும் சேர்த்திருக்கிறார்கள். ஒரே புகையை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். கொதிகலன் புகை அளக்கும் இடத்துக்கு வராதபடி காற்று எதிர்த்திசையில் வீசிய மணிகளை மட்டும் எடுத்துப் பின்னணியைக் கணக்கிடச் சொல்லுங்கள். எண் கொஞ்சம் இறங்கும், பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வானிலைத் தரவில் எனக்கு உண்மையிலேயே திருப்தியில்லை. ஒரே ஒரு வருடம், அதுவும் தொலைவிலுள்ள விமான நிலையத்துடையது. அமெரிக்க வழிகாட்டுதல் பக்கத்து நிலையத் தரவு என்றால் 5 வருடம் கேட்கிறது, வளாகத்திலேயே அளந்தது என்றால் குறைந்தது 1 வருடம், வானிலை மாடலிலிருந்து எடுத்தது என்றால் குறைந்தது 3 வருடம். ஒரு வருடத்தில் வராத மோசமான இரவு அடுத்த வருடத்தில் வரலாம். அதோடு உங்கள் தரவில் கணிசமான மணிகள் 'காற்றில்லை' என்று குறித்திருக்கின்றன. காற்றின் வேகம் பூஜ்யமானால் இந்தக் கணக்கு ஓடாது, எனவே மாடல் அந்த மணிகளை விட்டுவிடும். தாழ்வான மூலத்துக்கு மிக மோசமான மணிகளே அவைதான். நிமிடவாரித் தரவு கிடைத்தால் அதிலிருந்து மணிச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள், விட்டுப்போன மணிகள் பல மீண்டு வரும். எண் ஏறினாலும் பரவாயில்லை. அங்கே எத்தனை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே இதை ஓட்டுகிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தூசிக் கணக்கில் நீங்கள் வசதியாகத் தேறியிருப்பதாக அறிக்கை சொல்கிறது. காரணம், அதில் கொதிகலன் தூசி மட்டும்தான் இருக்கிறது. தெற்குப் பக்கம் லாரிகள் திரும்பும் மண் தரை கணக்கிலேயே இல்லை. லாரிச் சக்கரம் கிளப்பும் தூசிக்குச் சூடு கிடையாது, வேகம் கிடையாது, மேலே எழும்பாது. கிளம்பிய உயரத்திலேயே மதிலைத் தாண்டும். பல தொழிற்சாலைகளில் 10 மைக்ரான் தூசியின் உச்சம் புகைபோக்கியிலிருந்து வருவதில்லை, இப்படித் தரையிலிருந்துதான் வருகிறது. மண்ணில் நுண்துகள் எத்தனை சதவீதம், வண்டியின் எடை எவ்வளவு, நாளுக்கு எத்தனை நடை என்று கொடுத்தால் உமிழ்வைக் கணக்கிடச் சமன்பாடுகள் இருக்கின்றன. அதைச் சேர்த்தே அடுத்த ரன்னை ஓட்டுங்கள். தாண்டினால் தளம் போடலாம், அதுவரை தண்ணீர் தெளிக்கலாம். தண்ணீர் தெளிப்பதால் இத்தனை சதவீதம் குறையும் என்று மாடலில் எழுதினால், தெளித்ததற்குப் பதிவேடு வேண்டும். மறுபடி அதே வாக்குதான்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அறிக்கையில் அந்த இடத்துக்கென்று தனி ரிசெப்டார் (மாடல் காற்றின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் புள்ளி) இல்லை. 500 மீட்டர் கட்டத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அது விழுந்துவிட்டது. மதிலில் 25 மீட்டருக்கு ஒன்றாகப் புள்ளிகள் வையுங்கள், மதிலிலிருந்து அரை கிலோமீட்டர் வரை 50 மீட்டருக்கு ஒன்று. பள்ளியின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிப் புள்ளி. மாடி வகுப்பறை இருந்தால் ஜன்னல் உயரத்திலும் ஒன்று, ஏனென்றால் ஜெனரேட்டர் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோன பிறகு புகை மிதக்கும் உயரம் மாறும். இரவு உச்சம் பள்ளி நேரத்தில் வராது என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் பகல் 11 மணி சோதனை ஓட்டம் பள்ளி நேரத்துக்குள் விழுகிறது. காற்று பள்ளிப் பக்கம் வீசும் நேரமா என்று பார்த்து அதைப் பள்ளி விடுமுறை நாளுக்கு மாற்ற முடியுமா என்று ஆபரேட்டர்களிடம் கேளுங்கள். விதி கேட்காவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம் அது.

எல்லாம் திருத்திய பிறகு 198 வந்தால் என்ன செய்வது? எழுத்தின்படி தேறிவிட்டீர்கள். ஆனால் இந்த வகை மாடல்களில் உச்ச மதிப்பு 10 முதல் 40 சதவீதம் வரை இப்படியோ அப்படியோ விலகுவது சகஜம் என்று அமெரிக்க வழிகாட்டுதலே சொல்கிறது. உச்சம் எவ்வளவு என்று சொல்வதில் மாடல் நம்பகமானது. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட மணியில் எவ்வளவு என்று சொல்வதில் அவ்வளவு இல்லை. 198-இல் நின்றுவிடாமல், வரம்புக்கும் உங்களுக்கும் நடுவே கணிசமான இடைவெளி வரும்வரை வடிவமைப்பை மாற்றிப் பாருங்கள். கட்டுவதற்கு முன் குழாயை இரண்டு மீட்டர் தள்ளி வைக்க ஒரு வரியைத் திருத்தினால் போதும். கட்டிய பிறகு அதே இரண்டு மீட்டர் பெரும் செலவு.

இப்போதே மறு ரன் ஓட்டி அனுப்பிவிடாதீர்கள். முதலில் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு திட்டக் குறிப்பு எழுதி அதிகாரிகளிடம் கொடுங்கள். எந்த வானிலைத் தரவு, எத்தனை வருடம், எந்தக் கட்டத்து நைட்ரஜன் ஆக்சைடு முறை, பின்னணியை எப்படி எடுப்பது, ஜெனரேட்டர் மணிகளை எப்படி எண்ணுவது, ரிசெப்டார்கள் எங்கே. முதல் அறிக்கையில் கண்ட பிழைகளையும், சாதகமானது பாதகமானது எல்லாவற்றையும், அதில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு ஓட்டினால், முறையைப் பற்றிய சண்டை மறுபடி வராது, எண்ணைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இப்போதைய ஆலோசகரையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மேலே சொன்னவற்றில் பாதி, நீங்கள் கொடுக்காத தகவலால் வந்தவை. ஜெனரேட்டர் ஒன்றுதான் ஓடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அதற்கிடையே மேற்கு மதிலிலும் பள்ளி வேலியிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு பரவல் குழாய்கள் மாட்டிவிடுங்கள். விரல் நீளத்துக்கு இருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள், மின்சாரம் வேண்டாம், விலையும் குறைவு. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை மாற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவை தருவது அந்த வாரங்களின் சராசரி மட்டுமே, ஒரு மணி நேர வரம்புக்கு அதிலிருந்து பதில் கிடைக்காது. ஆனால் ஜெனரேட்டர்கள் வருவதற்கு முன் அங்கே காற்று எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வருடப் பதிவு கையில் இருக்கும். அதைப் பின்னால் எந்த மாடலாலும் உங்களுக்குத் தர முடியாது. பள்ளி நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போது எதற்காக மாட்டுகிறீர்கள் என்பதை முழுதாகச் சொல்லுங்கள், முடிவுகள் வந்ததும் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.